மேட்டுப் பாதையும் அடிவாரக் கிராமங்களும்: ஒரு கொழும்புக் குடும்பத்தின் ரிட்ஜ்வே நடை

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு குடும்பம், கூட வழிகாட்டி யாரும் இல்லாமல், இங்கிலாந்தின் ரிட்ஜ்வே நெடும்பாதையின் மேற்குப் பாதியை ஒரு ஜூன் மாதத்தில் நடந்து முடித்தது. அக்கா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. அத்தான் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். நீரிழிவுக்கு நெடுங்காலமாகக் குளிசை எடுப்பவர். மூன்றாவது ஆள் லண்டனில் வேலை செய்யும் அவர்களுடைய மகள். அவர்களோடு நானும் போனேன். மலையேறிப் பழகியவர்கள் எங்களில் ஒருவரும் இல்லை.

இந்த நடையைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. கொழும்பில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். தாய் தகப்பன் விசா எடுத்துப் போய் நிற்கும் வாரங்கள் உறவுக்காரர் வீடு, கோயில், கடைத்தெரு என்று ஓடி முடிந்துவிடுகின்றன. அந்த நாட்டின் நிலத்தைக் காலால் தொட்டுப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது, அது அறுபது வயதுக்காரருக்கும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்து போகிறவர்களும் பாதையின் நீளத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எங்கள் நடையில் பயப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது. மேட்டுப் பாதையில் நடந்த தூரத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. படுக்கைக்காகப் பாதையை விட்டுக் கிராமத்துக்கு இறங்குவதும் மறுநாள் திரும்ப ஏறுவதும்தான் எங்களைச் சோதித்தன.

பாதை

ரிட்ஜ்வே ஏறக்குறைய 139 கி.மீ. நீளமானது. வில்ட்ஷயரில் ஏவ்பெரி கல்வட்டத்துக்குப் பக்கத்திலே, ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்குகிறது. வடகிழக்காகப் போய் பக்கிங்ஹாம்ஷயரில் ஐவிங்கோ பீக்கன் என்ற குன்றில் முடிகிறது. 1973-இல் இதை அரசின் தேசிய நெடும்பாதைகளில் ஒன்றாகத் திறந்தார்கள். வழி நெடுக ஓக் மரத்தின் கொட்டையை அடையாளமாகப் பொறித்த கம்பங்கள் நிற்கின்றன. நடுவில் கோரிங் என்ற ஊரில் தேம்ஸ் ஆறு குறுக்கே வருகிறது. ஆற்றுக்கு மேற்கே திறந்த புல்மேடு, கிழக்கே சில்டேர்ன் குன்றுகளின் பீச் மரக் காடு. கோரிங்கில் ரயில் நிலையம் இருக்கிறது, லண்டன் பேடிங்டனுக்கு நேரே ரயில். பாதையைப் பாதியில் வெட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. நாங்களும் அங்கேதான் நிறுத்தினோம். ஓவர்ட்டன் ஹில்லில் இருந்து கோரிங் வரை 70 கி.மீ. அளவில் வரும்.

5000 வருடம் பழைய பாதை என்று இதைச் சொல்வார்கள். முழு நீளமும் ஒரே பாதையாக அத்தனை காலம் இருந்தது என்பதை எல்லாத் தொல்லியலாளரும் ஏற்பதில்லை. ஆனால் பாதையோரம் இருப்பவை பொய் சொல்லவில்லை. கற்காலப் புதைமேடுகள், இரும்புக் காலத்து மண்கோட்டைகள், அவற்றுக்கெல்லாம் பிந்திய காலத்தில் ஆட்டுமந்தை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் மிதித்த அகலமான தடம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதே மேட்டில் வருகின்றன. பாதைக்குக் கீழே உள்ள ஈஸ்ட் இல்ஸ்லி என்ற சின்ன ஊர், ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய ஆட்டுச் சந்தைகளில் ஒன்று. மந்தையை மேட்டு வழியாக ஓட்டினால் வழியில் மேய்ச்சலும் கிடைக்கும், கீழே வண்டிச் சாலையில் கட்ட வேண்டிய சுங்கமும் மிஞ்சும்.

எல்லாரும் ஏன் மேட்டிலேயே நடந்தார்கள், எல்லா ஊரும் ஏன் கீழே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ரிட்ஜ்வேயில் நடைத் திட்டம் போட முடியாது.

மேடு முழுக்க வெண்சுண்ணக்கல். மழை பெய்தால் நீர் மேலே நிற்காது, கல்லுக்குள் இறங்கிவிடும். அதனால் மேட்டில் சதுப்பு இல்லை, காடு அடர்த்தி இல்லை, நடக்கக் காய்ந்த நிலம். உள்ளே இறங்கிய நீர், சுண்ணக்கல்லுக்கு அடியில் உள்ள களிமண்ணை முட்டும் இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த ஊற்று வரிசையில்தான் மக்கள் குடியேறினார்கள். பிஷப்ஸ்டோன், ஆஷ்பெரி, வூல்ஸ்டோன், லெட்கூம் பாசெட், லெட்கூம் ரீஜிஸ் என்று, மேட்டின் வடக்கு அடிவாரத்தில் ஊர்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. அக்கா இதை ஒரே வசனத்தில் விளங்கப்படுத்தினா: "எங்கட யாழ்ப்பாணம் மாதிரித்தான். சுண்ணக்கல், மேலே ஆறு இல்லை; உள்ளுக்குப் போன தண்ணி கீரிமலையில வெளிய வருது." அதற்குப் பிறகு யாருக்கும் படத்தை விளக்க வேண்டி வரவில்லை. ஊர் தேவையென்றால், தண்ணீர் தேவையென்றால், இறங்க வேண்டும். இறக்கம் ஓர் ஊருக்கு 1 கி.மீ., இன்னோர் ஊருக்கு 3 கி.மீ. என்று மாறும். மேட்டிலே கடை இல்லை. நடப்பவர்களுக்கென்று வைத்த தண்ணீர்க் குழாய்கள் ஒன்றிரண்டு மட்டும் உண்டு.

கொழும்பில் செய்தவை

நடையை ஓர் ஆங்கிலேய நிறுவனம் ஒழுங்குசெய்து கொடுத்தது. இந்த மாதிரி நிறுவனங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடம் பதிவுசெய்கிறார்கள். பெட்டியை ஒரு தங்குமிடத்தில் இருந்து அடுத்ததுக்கு வான் வண்டியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். படமும் வழிக்குறிப்பும் கைத்தொலைபேசியில் போட்டுக்கொள்ளும் பாதைக் கோப்பும் தருகிறார்கள், அவசரத்துக்கு ஓர் எண்ணும் தருகிறார்கள். அவ்வளவுதான். கூட யாரும் வரமாட்டார்கள். நீங்கள் மாலையில் போய்ச் சேர்ந்தீர்களா என்று நிறுவனத்தில் இருந்து யாரும் தேடவும் மாட்டார்கள். நாங்கள் முதலிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: காலையில் வெளிக்கிடும்போது அடுத்த தங்குமிடத்துக்கு மகள் தொலைபேசி எடுத்து, இத்தனை மணிக்கு வருவோம், ஏழு மணிக்கும் வராவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று சொல்லிவிடுவாள்.

விசா விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் சுற்றுலா விசா எடுத்துத்தான் போக வேண்டும், அது கிடைக்கும் என்ற நிச்சயத்தில் காசு கட்டக்கூடாது. விசா மறுக்கப்பட்டால் பணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் திகதி வரை திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முற்பணம் அனுப்பினோம். 2022-இல் ரூபா விழுந்ததற்குப் பிறகு, பவுணில் கட்டிய முற்பணம் போனால் அது இங்கே சின்ன இழப்பாக இருக்காது. நடைப் பொதியின் செலவில் பெரும்பங்கு தங்குமிடத்துக்குத்தான். இருவருக்கு ஓர் அறை என்ற கணக்கில் விலை போடுவதால் தனியே ஓர் அறை எடுப்பவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். காப்புறுதி கட்டாயம் எடுக்க வேண்டும்: விபத்துப் பிரிவில் முதற்சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், வார்டில் அனுமதித்தால் வெளிநாட்டுப் பார்வையாளரிடம் வழக்கமான கட்டணத்தின் 150 சதவீதம் அறவிடும் முறை அங்கே இருக்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைக்காமல் அறிவித்து எடுத்த காப்புறுதிதான் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

பயிற்சி விடயத்தில் கொழும்பு ஒரு சிக்கலான ஊர். வெள்ளவத்தையில் இருந்து மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரை போய் வந்தாலும், காலிமுகத்திடலில் எத்தனை சுற்று நடந்தாலும், நிலம் தட்டை. தூரத்துக்குக் கால் பழகும், இறக்கத்துக்கு முழங்கால் பழகாது. ரிட்ஜ்வேயின் ஏற்றங்கள் பெரியவை அல்ல, ஆனால் நாள் முழுக்க நடந்து களைத்த பிறகு வரும் கடைசி இறக்கம் செங்குத்து. அதனால் அக்காவும் அத்தானும் விடியக் காலையில் கடற்கரையோரம் நடந்து முடிந்ததும், தங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கியை விட்டுப் படியால் ஏறி இறங்கினார்கள். இறங்குவதுதான் முக்கியம் என்று அக்கா பிடிவாதமாக இருந்தா. வார இறுதி ஒன்றில் கண்டிக்குப் போய் ஹந்தானைப் பக்கம் நடந்ததும் உதவியது. புதுச் சப்பாத்தைக் கொழும்பிலேயே போட்டுப் பழக்கினார்கள். அங்கே போய்ப் புதிதாக வாங்கி முதல் நாளே போட்டால் கொப்புளம் நிச்சயம்.

ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வெளிச்சமே காரணம். இங்கே ஆறரைக்கு இருட்டிவிடும். தென் இங்கிலாந்தில் ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மெதுவாக நடக்கும் ஒரு கூட்டத்துக்கு அந்த மிச்ச மணித்தியாலங்கள்தான் உண்மையான காப்புறுதி. செப்டெம்பர் கடைசியில் போகிறவர்கள் இதே திட்டத்தை அப்படியே எடுக்கக்கூடாது.

சாப்பாட்டுக்குப் பயற்றம் உருண்டையும் எள்ளுருண்டையும் கொண்டுபோனோம். இறைச்சியும் பால் பொருட்களும் இங்கிருந்து கொண்டுபோக முடியாது, இவற்றுக்குத் தடை இல்லை. சட்டைப்பையில் கெடாமல் கிடக்கும். அத்தானுடைய மருத்துவர் நடக்கும் நாட்களுக்கென்று காலைக் குளிசையின் அளவைக் குறைத்துக் கொடுத்திருந்தார், குளுக்கோஸும் கையில் வைத்திருக்கச் சொன்னார். நீரிழிவுக்காரர் எவரும் இதைத் தன் மருத்துவரிடம் கேட்காமல் இப்படியொரு நடைக்குப் போகக் கூடாது. நாள்முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கும், அதே குளிசை அதே அளவில் போட்டால் இன்னும் இறங்கும்.

மேட்டில்

முதல் நாள் சுகமாகப் போனது. லண்டனில் இருந்து ஸ்விண்டனுக்கு ரயில், அங்கிருந்து ஏவ்பெரிக்குப் பஸ். ஊரே கல்வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. ஆடுகள் கற்களுக்கு நடுவில் மேய்கின்றன, யாரும் கல்லைத் தொடாதே என்று விரட்டுவதில்லை. 1986-இல் ஸ்டோன்ஹெஞ்சோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் போட்ட இடம். ஓவர்ட்டன் ஹில்லில் இருந்து ஆக்போர்ன் செயின்ட் ஜோர்ஜ் வரை 15 கி.மீ. நடுவில் பார்பெரி காஸில். அதில் கட்டடம் எதுவும் கிடையாது. இரட்டைக் கரையும் அகழியும் கொண்ட புல் வளையம். பாதை அதன் நடுவாலேயே போகிறது. ஆக்போர்ன் ஊர் பாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இறக்கத்தின் பாரம் அன்று தெரியவில்லை.

அடுத்த நாள் ஆக்போர்னில் இருந்து ஆஷ்பெரி. நிறுவனத்தின் தாளில் 17 கி.மீ. என்று இருந்தது. அந்த எண் பாதையின் நீளம் மட்டும். பாதையில் இருந்து படுக்கை வரை உள்ள தூரம் அதில் இல்லை. லிடிங்டன் காஸிலுக்குக் கீழே வரும்வரை வெயில். அதற்குப் பிறகு பாதை கொஞ்சத் தூரம் தார்ச்சாலையில் ஏறி, எம்4 நெடுஞ்சாலையைப் பாலத்தால் கடந்து ஃபொக்ஸ் ஹில்லுக்குப் போகிறது. வாகன இரைச்சல் காதைப் பிய்க்கும் இடம் அது. அதைத் தாண்டியதும் இருந்து சாப்பிடுவது என்று முடிவு. தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது.

சுண்ணக்கல் மழையில் எப்படி மாறும் என்பதை அன்று பார்த்தோம். காய்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று கெட்டியான தடம். கால் மணித்தியாலம் நனைந்ததும் மேலே ஒரு மெல்லிய பசை படிகிறது. சப்பாத்தின் அடியில் ஒட்டும், அடுத்த அடியில் இன்னும் ஒட்டும், கடைசியில் சப்பாத்தின் பள்ளங்கள் எல்லாம் நிரம்பி அடி வழவழவென்று ஆகிவிடும். அதற்குள் கூரான தீக்கற்கள் வேறு. பசையில் வழுக்கினால் கல்லில் போய் விழ வேண்டும். ஓரத்துப் புல்லில் நடப்பதுதான் ஒரே வழி.

மழையில் நிற்க இடம் இல்லாததால் சாப்பாடு தள்ளிப்போனது. அத்தானின் கை நடுங்கத் தொடங்கியதை மகள்தான் முதலில் கண்டாள். குளுக்கோஸ் கொடுத்து, பிறகு எள்ளுருண்டை கொடுத்து, வேலியோரம் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. "அப்பா, இனி நடக்காமல் டாக்சிக்குச் சொல்லுவமா?" என்று கேட்டாள். அத்தான், "இன்னும் கொஞ்சம்தானே, நான் சரி" என்றார். அந்த இடத்தில் தொலைபேசிக்கு அலையும் இல்லை. அக்கா முடிவை எடுத்தா: "இஞ்ச நிண்டு கதைச்சால் நனையிறதுதான் மிச்சம். ரோட்டு வெட்டுற இடம் மட்டும் ஆறுதலா நடப்பம்." ஆஷ்பெரிக்கு இறங்கும் பி4000 சாலை பாதையை வெட்டும் இடத்தில் அலை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே டாக்சி கிடைக்காது. இங்கே கைத்தொலைபேசியில் தட்டியதும் பிக்மீ முச்சக்கரவண்டி வந்து நிற்பதற்குப் பழகியவர்களுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்: அந்த நாட்டுக் கிராமப்புறத்தில் டாக்சி என்பது முதல் நாளே பேசி வைக்க வேண்டிய ஒன்று. நடந்தே இறங்கினோம். அந்தக் கடைசி இறக்கத்தில் அத்தான் ஒருமுறை வழுக்கி முழங்காலை மடக்கிவிட்டார். பெரிய காயம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அதே இறக்கத்தைத் திரும்ப ஏற வேண்டும் என்ற நினைப்பே இரவுச் சாப்பாட்டை அமைதியாக்கிவிட்டது.

அந்த இரவில் திட்டம் மாறியது. தங்குமிடத்து அம்மா தனக்குத் தெரிந்த ஓர் உள்ளூர் டாக்சிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். காலையில் எங்களைச் சாலை வெட்டும் இடத்தில், அதாவது முதல் நாள் பாதையை விட்ட அதே புள்ளியில், கொண்டுபோய் விட்டார்கள். மாலையில் வான்டேஜ் நகருக்கு மேலே ஏ338 சாலை பாதையை வெட்டும் கோர்ட் ஹில்லுக்கு, சொன்ன மணிக்கு அதே டாக்சி வந்து நிற்கும். மேட்டுப் பாதையில் ஒரு அடியும் விட்டுப்போகாது. இறக்கமும் ஏற்றமும் மட்டும் வாகனத்தில். பாதையை முழுதாகக் காலால் நடந்தேன் என்று சொல்ல விரும்புகிறவருக்கும் இதில் குறை ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். கிராமத்துக்கு இறங்கும் சாலை ரிட்ஜ்வேயின் பகுதி அல்ல.

அன்றைய நாள்தான் நடையின் சிகரம். சாலையில் இருந்து கொஞ்சத் தூரத்திலேயே வேலண்ட்ஸ் ஸ்மிதி. பீச் மரங்கள் வட்டமாகச் சூழ, நீண்ட புதைமேடு ஒன்று. முகப்பில் ஆளுயரத்தை விடப் பெரிய கற்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கி.மு. 3600-க்கும் 3400-க்கும் இடைப்பட்ட காலத்தில் இரண்டு கட்டமாக எழுப்பியது. பிற்காலத்தில் வந்த சாக்சன்களுக்கு இதைக் கட்டியவர் யார் என்று தெரியவில்லை, அதனால் தங்கள் தெய்வக் கொல்லன் வேலண்டின் பட்டறை என்று பெயர் வைத்துவிட்டார்கள். லாடம் கழன்ற குதிரையையும் ஒரு காசையும் விட்டுப்போனால் திரும்பி வரும்போது லாடம் அடித்திருக்கும் என்பது கதை. முன்னாள் ரீச்சர் அல்லவா, அக்கா கல்லின் மேற்பரப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றா. சார்சன் என்னும் இந்த மணற்கல் சுண்ணக்கல் மேட்டில் அங்கங்கே தானாகக் கிடப்பது. சுண்ணக்கல்லை விட எத்தனையோ மடங்கு கடினம். வெயில் திரும்பியிருந்தது. அத்தான் கல்லில் சாய்ந்திருந்து, இந்த முறை மணி தவறாமல் சாப்பிட்டார்.

அங்கிருந்து அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் அஃபிங்டன் வெண்குதிரை. மலைச்சரிவில் புல்லை வெட்டி, பள்ளத்தில் சுண்ணத்தை இடித்து நிரப்பி வரைந்த, 110 மீற்றர் நீளமான குதிரை. பக்கத்தில் போனால் குதிரை தெரியாது. வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள் சில, ஒரு கண், அவ்வளவுதான் கண்ணில் படும். முழு உருவத்தைத் தூரத்துப் பள்ளத்தாக்கில் இருந்தோ ஆகாயத்தில் இருந்தோதான் பார்க்கலாம். 1990-களில் சுண்ணத்துக்கு அடியில் இருந்த மண், வெளிச்சத்தைக் கடைசியாக எப்போது கண்டது என்பதை அளக்கும் முறையால் வயது பார்த்தார்கள். ஏறக்குறைய 3000 வருடம். அதைவிட எனக்கு அதிசயமாகப் படுவது வேறொன்று. பராமரிக்காமல் விட்டால் சில பத்து வருடத்திலேயே புல் மூடிவிடும். அப்படியானால் அந்த மேட்டடி ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி வந்து புல்லைச் செதுக்கிப் புதுச் சுண்ணம் இடித்திருக்கிறார்கள். மொழி மாறியது, சமயம் மாறியது, அரசர்கள் மாறினார்கள், இந்த வேலை நிற்கவில்லை. இன்றைக்கும் கோடையில் தொண்டர்கள் சுத்தியலோடு முழங்காலில் இருந்து சுண்ணத்தை இடிக்கிறார்கள்.

கோர்ட் ஹில்லில் இருந்து கோரிங் வரையான கடைசி நாள் 20 கி.மீ.க்கு மேல். தூரம் கூடினாலும் கால் பழகியிருந்தது, பாதை தானாகவே தேம்ஸ் கரைக்கு இறங்கி முடிவதால் புறம்பான இறக்கமும் இல்லை. இருமருங்கும் பந்தயக் குதிரைகளை ஓட்டிப் பழக்கும் நீண்ட புல்தரைகள், மேலே வானம்பாடிகள். வேறு சொல்ல ஒன்றும் இல்லாத அளவுக்கு நல்ல நாள்.

எது வேலை செய்தது

டாக்சி முதலாவது. அடுத்து, படத்தை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி. முதல் நாட்களில் மகள்தான் முன்னால் நடந்தாள், தொலைபேசியும் படமும் அவளிடம். இளம் கால், வேகமான கால். பின்னால் வருகிறவர் எப்போதும் ஓடிப் பிடிக்கிறவராகவே இருந்தார், அவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் இளைப்பாறி முடித்து எழும்பிவிடுவார்கள். ஆஷ்பெரிக்குப் பிறகு படத்தை அத்தானிடம் கொடுத்தோம். அவர் முன்னால். அவர் நிற்கும் இடத்தில் எல்லாரும் நிற்கிறார்கள், அவருடைய சாப்பாட்டு மணிதான் எல்லாருக்கும் சாப்பாட்டு மணி. வங்கியில் கணக்குப் பார்த்த மனிதர். 1:25,000 அளவுப் படத்தில் ஒவ்வொரு வேலியையும் சரிபார்த்துக்கொண்டே நடந்தார். மேற்குப் பாதியில் வழி தவறுவது கடினம், என்றாலும் கிளைப் பாதைகள் உண்டு. கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் கால்நடையாகப் போகிறவருக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து, சிவப்பு என்றால் எல்லா வாகனத்துக்கும். இதை அவர்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார். வழிகாட்டி இல்லாத குடும்ப நடையில், மிக மெதுவாக நடப்பவரை வழிகாட்டி ஆக்குவதை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

சாப்பாட்டில் ஒரு நாள் மட்டும் யோசிக்க வேண்டியிருந்தது. அக்கா வெள்ளிக்கிழமை முட்டையும் தொடாத சைவம். முன்கூட்டியே எழுதிவிட்டதால் காலையில் அவித்த பயறு, காளான், தக்காளி, பாண் என்று ஒழுங்கான தட்டு வந்தது. இரவுச் சாப்பாடு கிராமத்து மதுச்சாலையில்தான், வேறு கடை இருக்காது. சில இடங்களில் ஞாயிறு இரவும் திங்களும் அடுப்பு மூடியிருக்கும். தங்குமிடத்தைப் பதிவுசெய்யும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். அப்புறம், உண்ணி: உயரப் புல்லுக்குள் நடந்தால் காலில் ஏறும், நோயும் காவும். நீளக் காற்சட்டை போட்டு, இரவில் காலைப் பார்த்துக்கொள்வது போதும்.

இங்கே நடக்க நினைப்பவர்களுக்கு

விசாவும் பவுணும் இல்லாமல் இதே அனுபவம் வேண்டுமானால் மலையகத்தில் பீக்கோ பாதை இருக்கிறது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, அட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கி.மீ.க்கு மேற்பட்ட பாதை, 22 கட்டங்கள். பெரும்பகுதி பழைய தேயிலைத் தோட்ட வழிகள். ரிட்ஜ்வேயில் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று அங்கே தமிழருக்குக் கிடைக்கும்: வழி கேட்கலாம். கொழுந்து பறிக்கிறவர், லயத்து வாசலில் நிற்கும் பிள்ளை, கோயிலடியில் இருப்பவர், எல்லாரும் தமிழில் வழி சொல்வார்கள். அந்த வசதியை வழி கேட்பதோடு நிறுத்தாமல், இரவுச் சாப்பாட்டையும் படுக்கையையும் தோட்டத்து மக்களிடமே காசு கொடுத்து வாங்கும் வழிகள் வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பழைமை என்று பார்த்தால், எங்களுக்கும் நெடும்பாதைகள் இருக்கின்றன. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒகந்தையில் தங்கி, குமண, யால காட்டுக்குள்ளால் நடக்கிறார்கள். அது விரதம், விடுமுறை நடையோடு அதைக் கலக்கக்கூடாது. தலைமன்னாரில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் மாத்தளைக்கு நடந்த வழி இன்னொன்று. வழியிலேயே எத்தனையோ பேர் இறந்த பாதை. 2023-இல், அந்தத் தொழிலாளர் வந்து 200 வருடம் ஆன நினைவாக, மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் அந்த வழியைத் திரும்ப நடந்தார்கள். ரிட்ஜ்வேயில் ஓர் ஆட்டுத் தடத்துக்குக் கூட அடையாளக் கம்பம் நட்டிருக்கிறார்கள். மன்னார் - மாத்தளை வழியில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு கம்பமாவது நிற்க வேண்டும். நடப்பவர்கள் யார் எந்த நோக்கத்தோடு வந்தாலும், எந்த மண்ணில் கால் வைக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

அக்காவும் அத்தானும் இப்போது கிழக்குப் பாதிக்குத் திட்டம் போடுகிறார்கள். அங்கே நிலைமை மாறுகிறது. கோரிங்கில் இருந்து பாதை தேம்ஸ் கரையோடு கிராமங்களுக்குள்ளாலேயே போகிறது, பிறகு கிரிம்ஸ் டிச் என்ற பழைய மண்கரையின் மேல் ஏறிக் காட்டுக்குள் நுழைகிறது. பிரின்சஸ் ரிஸ்பரோ, வென்டோவர் இரண்டிலும் ரயில் நிலையம் உண்டு, வென்டோவரில் பாதை ஊரின் நடுத்தெருவாலேயே இறங்குகிறது. படுக்கைக்காக இறங்கி ஏறும் தொல்லை குறைவு, ஆனால் கோரிங்கில் இருந்து வாட்லிங்டன் வரையான ஒரே கட்டம் 23, 24 கி.மீ. வரும். அதை நஃபீல்டில் இரண்டாக வெட்டி, சாலை வெட்டும் இடத்துக்கு டாக்சியும் சேர்த்து விலை தரும்படி நிறுவனத்துக்கு அத்தான் எழுதியிருக்கிறார். இந்த முறை பாதையின் தூரத்தையும் படுக்கை வரையான தூரத்தையும் இரண்டு வேறு நிரலில் கேட்டிருக்கிறார்.